தை 1 முதல் சித்திரை 1 வரை ஒரே ஒரு பழக்கம்

ஒவ்வொரு ஜனவரியிலும் ஏழு தீர்மானம் எடுக்கிறேன், பொங்கலுக்குள் ஏழும் போய்விடுகின்றன, எனக்கு மன உறுதியே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய பட்டியல் இது: காலை 5 மணிக்கு எழுவது, முக்கால் மணி நேர நடை, டைரி, மாதம் இரண்டு புத்தகம், ஆங்கிலம் பேசப் பழகுவது, சம்பளத்தில் சேமிப்பு, போன் பார்ப்பதைக் குறைப்பது. வயது 37, கணக்குப் பிரிவில் வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், வீட்டில் மாமியார். சரி.

மன உறுதி இல்லாத ஒருவரால் இரண்டு பிள்ளைகளுக்கும் டப்பா கட்டி, வேன் ஏற்றிவிட்டு, 9 மணிக்கு ஆபீஸில் உட்கார முடியாது. வருஷத்துக்கு 200 நாளுக்கு மேல் அதைச் செய்கிறீர்கள், அதற்கு எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை. அந்த வேலைகளுக்கெல்லாம் உங்கள் நாளில் ஓர் இடம் இருக்கிறது, ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. பட்டியலில் உள்ள ஏழுக்கும் அப்படி ஓர் இடம் கிடையாது. நான் சொல்லப்போவது முழுக்க அந்த இடத்தைப் பற்றித்தான்.

கோவையில் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு, வாழ்க்கைமுறை ஆலோசகராக 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். மருந்தை மருத்துவர் எழுதிவிடுவார். அதைத் தினமும் சாப்பிட வைப்பது, நடக்க வைப்பது, ராத்திரி 10 மணிச் சாப்பாட்டை 8 மணிக்குக் கொண்டுவருவது எல்லாம் எங்கள் பாடு. ஜனவரி முதல் வாரம் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலையில் போய்ப் பாருங்கள், புது ஷூக்களாகத் தெரியும். பிப்ரவரியில் பழைய முகங்கள்தான் மிச்சம். எங்களிடம் வருபவர்களும் அப்படித்தான், ஆனால் எங்களுக்கு ஒரு வசதி உண்டு: எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய கடைசி மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடும். ஜனவரியில் ஆரம்பித்தது நிலைத்ததா இல்லையா என்பது ஏப்ரலில் தெரிந்துவிடும். அந்த ஏப்ரல் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எது நிற்கிறது, எது நிற்பதில்லை என்று எனக்குப் புரிந்தது.

முதலில் அந்த 21 நாள் கதையை விட்டுவிடுங்கள். 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வராத வருஷம் இல்லை. அதன் வேர் 1960ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக்கப்படக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். அது கண்ணாடியில் முகத்தைப் பார்த்துப் பழகுவது. காலையில் எழுந்து நடப்பது வேறு சமாச்சாரம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரை 84 நாள் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2009ல் வெளிவந்தது. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் 15 நிமிட ஓட்டம் என்று ஆளுக்கு ஒரு சின்ன வேலை. யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர நடுவாகப் பார்த்தால் 66 நாள் ஆனது. ஆனால் ஒருவருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. உடற்பயிற்சியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, தண்ணீர் குடிப்பது பழம் தின்பது போன்றவற்றைவிட ஒன்றரை மடங்கு நாள் பிடித்தது. அதனால் 22ஆம் நாள் எழும்போது உடம்பு முரண்டு பிடித்தால் உங்களிடம் ஒரு குறையும் இல்லை, வேலை இன்னும் பாதி வழியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது பொங்கலுக்கு வருவோம். பொங்கலுக்குள் போய்விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காரணமும் அதிலேயே இருக்கிறது. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நாலு நாள், ஊருக்குப் போக வர இரண்டு நாள், அதற்கு முன்னால் வீடு ஒழித்து வெள்ளையடிப்பது, பாத்திரம் தேய்ப்பது, துணி எடுக்கப் போவது. பிறந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு பழக்கத்தை இத்தனை களேபரத்துக்கு நடுவே கொண்டுபோய் வைத்தால் அது எப்படிப் பிழைக்கும்? வென்டி வுட் என்ற உளவியலாளர் 2005ல் ஓர் ஆய்வு வெளியிட்டார், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போன மாணவர்களைப் பற்றியது. சுற்றுப்புறம் மாறியபோது அவர்களுடைய பழைய பழக்கங்களே ஆட்டம் கண்டன. வருஷக்கணக்கில் ஊறிப்போனதுக்கே அந்தக் கதி.

ஆகவே என் முதல் யோசனை, ஜனவரி 1 அன்று எதையும் ஆரம்பிக்காதீர்கள். தை 1ல் ஆரம்பியுங்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் திரும்பி வந்த மறுநாள்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்கிறோமே, அதற்கு ஆய்வுகளிலும் ஒரு துணை இருக்கிறது. ஹெங்சென் டாய், கேட்டி மில்க்மேன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014ல் வெளியிட்ட கட்டுரையில், வருஷம் பிறக்கும்போது மட்டுமல்லாமல் வாரம், மாதம் பிறக்கும்போதும், பிறந்தநாள் முடிந்த பிறகும் ஜிம்முக்குப் போகிறவர்கள் கூடுவதைக் காட்டினார்கள். பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுசாகத் தொடங்குகிறோம் என்ற எண்ணம் எந்த நாளில் வந்தாலும் போதும், அது ஜனவரி 1 ஆகத்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. தை 1 நமக்கு அதைவிட வலுவான நாள். இன்னொன்றும் கவனித்தேன், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது: தை 1லிருந்து சித்திரை 1 வரை ஏறக்குறைய 90 நாள். லண்டன் ஆய்வின் 66 நாள் அதற்குள் அடங்கிவிடுகிறது, கூடவே சறுக்குவதற்கு மூன்று வாரம் மிச்சம் இருக்கிறது. அடுத்தது சித்திரையிலிருந்து ஆடி, ஆடியிலிருந்து ஐப்பசி, ஐப்பசியிலிருந்து மறுபடி தை. வருஷத்துக்கு நாலு பழக்கம், ஒரு நேரத்தில் ஒன்று. ஏழில் மூன்று குறைகிறதே என்று வருத்தப்படாதீர்கள், நாலு நிலைத்தால் எங்கள் கிளினிக்கில் அதைப் பெரிய வருஷம் என்போம்.

அப்படியானால் ஜனவரி முதல் இரண்டு வாரம் என்ன செய்வது? எதையும் மாற்றாமல் கவனியுங்கள். ஒரு தாளில் உங்கள் நாளை எழுதுங்கள், நேரம் போட வேண்டாம், வரிசை மட்டும். எழுந்ததும் என்ன, அப்புறம் என்ன, அதற்கப்புறம் என்ன. பல் துலக்குவது, பால் அடுப்பில் வைப்பது, குக்கர், குளியல், விளக்கு, டப்பா, வேன், பஸ். ராத்திரி மாவு ஆட்டுவது, பாத்திரம், கதவுத் தாழ்ப்பாள். இதில் எது ஞாயிறு, லீவு நாள், காய்ச்சல் நாள் என்று எதுவானாலும் நடந்தே தீர்கிறதோ அதற்கு ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள்தான் உங்கள் முதலீடு.

எங்கள் அம்மா 40 வருஷத்துக்கு மேல் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். மார்கழியில் நாலரைக்கே எழுந்து, கோயிலில் பாட்டு ஆரம்பிக்கும் முன் புள்ளி வைத்துவிடுவார். எப்படி முடிகிறது என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது. கதவைத் திறந்தால் விளக்குமாறு, பெருக்கினால் தண்ணீர், தெளித்தால் கோலப்பொடி. ஒவ்வொன்றும் அடுத்ததின் கையைப் பிடித்து இழுக்கிறது, நடுவில் முடிவெடுக்க வேண்டிய இடமே இல்லை. பனியும் குளிரும் இருக்கும் மாதத்தில் ஒரு தெருவே அதைச் செய்கிறது என்றால், அந்தத் தெருவில் எல்லாருக்கும் அசாத்திய மன உறுதி என்றா அர்த்தம்?

நடை வேண்டும் என்கிறீர்கள். உங்களுக்கு நான் பார்க்கும் இடம் பள்ளி வேன். பிள்ளைகளை ஏற்றிவிடத் தெருமுனைக்கு எப்படியும் வருகிறீர்கள், காலில் செருப்பு இருக்கிறது, கையில் சாவி இருக்கிறது. வேன் கிளம்பியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடங்கள். பத்து நிமிஷம் போதும், முக்கால் மணி நேரம் வேண்டாம். வீட்டுக்குள் ஒருமுறை கால் வைத்துவிட்டால் பாத்திரம் கூப்பிடும், போன் கூப்பிடும், மாமியாருக்கு இட்லி வைக்க வேண்டும், அப்புறம் வெளியே வரவே முடியாது. என்னிடம் வரும் ஒரு அம்மாவுக்கு இதைத்தான் சொன்னேன், மூன்று மாதம் பிசகாமல் நடந்தார். மே மாதம் நின்றுவிட்டது. ஏனுங்க என்று கேட்டால், "லீவு விட்டுட்டாங்கல்லங்க, வேனே வர்றதில்லையே" என்றார். தப்பு என்மேல்தான், லீவில் காணாமல் போகும் ஒன்றில் கட்டிவிட்டு மாற்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதிலிருந்து யாருக்கும் இரண்டு கயிறு கட்டச் சொல்கிறேன்: பள்ளி நாளில் வேன், லீவு நாளில் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும். சாப்பிட்டபின் 10, 15 நிமிஷம் நடப்பது சர்க்கரைக்கும் நல்லது, அதனால் அது இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட அளவுக்கு மெல்ல வரலாம், அது ஆடியில் நடந்தாலும் நல்லதுதான்.

இன்னொருவர் மில்லில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மில் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்குத் தூங்கியவர். ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் மாத்திரையை மறக்க ஆரம்பித்தார், மகன் திட்ட, இவர் கோபப்பட, சர்க்கரை ஏற. அவருக்கு மறதி ஒன்றும் இல்லை. நாளைக் கட்டிவைத்திருந்த சங்கு போய்விட்டது, அவ்வளவுதான். போனில் அலாரம் வைத்துக்கொடுத்தார்கள், அடிக்கும்போதெல்லாம் அணைத்துவிட்டார். கடைசியில் மாத்திரை டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் வைக்கச் சொன்னோம். ஊறுகாய் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஊறுகாயைத் தொட்டால் மாத்திரை. அதுதான் இன்றுவரை ஓடுகிறது.

எந்த இடத்தில் என்று முடிவானதும் அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: வேன் கிளம்பியதும், செருப்போடு, பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்புவேன். "இனி தினமும் நடப்பேன்" என்று எழுதினால் பலிக்காது. எப்போது, எங்கே என்பது இருக்கவேண்டும். பிரிட்டனில் 2002ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 248 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியின் நன்மையைச் சொல்லி ஊக்கம் கொடுத்தார்கள், மூன்றாவது குழுவுக்கு அந்த ஊக்கத்தோடு எந்த நாள் எந்த நேரம் எங்கே செய்வேன் என்று எழுதவும் வைத்தார்கள். அடுத்த வாரம் ஒரு தடவையாவது உடற்பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், ஊக்கம் மட்டும் பெற்ற குழுவில் 35, எழுதியவர்களில் 91. ஊக்கப் பேச்சு வீடியோவை மணிக்கணக்கில் பார்ப்பவர்களிடம் இந்த 35ஐத்தான் நான் காட்டுவேன்.

அளவைப் பற்றி ஒன்று. எல்லாரும் தங்கள் நல்ல நாளை மனதில் வைத்து அளவு போடுகிறார்கள். டிசம்பர் 31 ராத்திரி உடம்பும் மனசும் தெம்பாக இருக்கும்போது 45 நிமிஷம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். சின்னவனுக்குக் காய்ச்சல், கரண்ட் இல்லை, நாத்தனார் வந்திருக்கிறார், ஆபீஸில் மார்ச் கணக்கு முடிப்பு, அந்த நாளில் எவ்வளவு முடியும் என்று கேட்டுப்பாருங்கள். அதுதான் உங்கள் அளவு. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு மார்ச் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை, அந்த 90 நாளில் முழு மார்ச்சும் வருகிறது. அடுத்த தெருமுனை வரை மூன்று நிமிஷம் என்றால் மூன்று நிமிஷம். தெம்பான நாளில் தாராளமாக அரைமணி நேரம் நடங்கள், ஆனால் கணக்கில் அதுவும் ஒரு நாள்தான், மூன்று நிமிஷமும் ஒரு நாள்தான். இது ஏமாற்றுவேலை மாதிரித் தெரியலாம். கிளம்புவது பழகிவிட்டால் தூரம் தன்னால் கூடும் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எங்கே வைப்பது? ஆப் எல்லாம் வேண்டாம். அடுப்படியில் மாதக் காலண்டர் தொங்குமே, பால் எத்தனை பாக்கெட், சிலிண்டர் எப்போது மாற்றியது என்று குறித்துவைப்போமே, அந்தக் கட்டத்திலேயே ஒரு டிக். பால் கணக்குப் போடும்போது கண்ணில் படும், மாமியாரும் பார்ப்பார், பிள்ளைகளும் பார்ப்பார்கள். "அம்மா, இன்னிக்கு டிக் போடலயா?" என்று ஏழு வயசுப் பிள்ளை கேட்பதற்கு இருக்கும் சக்தி எந்த ஆப்புக்கும் கிடையாது.

கட்டாயம் தவறும். லாலியின் ஆய்வில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவதில் சொல்லிக்கொள்ளும்படி எந்தச் சேதமும் வரவில்லை. சேதம் அதற்கப்புறம் நம் மனசுக்குள் நடப்பதால் வருகிறது. எங்கள் கிளினிக்கில் ஒரு வாரம் நடக்காமல் விட்டவர்கள், திட்டுவார்களோ என்று பயந்து அடுத்த செக்கப்புக்கே வராமல் இருந்துவிடுவார்கள், ஒரு வாரம் ஆறு மாதமாகிவிடும். இப்போது நான் புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன், நீங்கள் விடுவீங்க, விட்ட பிறகு என்ன செய்வது என்று இப்பவே பேசிக்கலாம் என்று. பதில் ரொம்ப எளிது. விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு நடக்கக் கூடாது, அதே மூன்று நிமிஷம். காலண்டரில் அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும், காரணம் எழுத வேண்டாம்.

மீதி ஆறையும் வேகமாகப் பார்த்துவிடுவோம். 5 மணிக்கு எழுவதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொல்வேன். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி பதினொன்றரைக்குப் படுத்து 5க்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம்தான், அந்தக் கடனை மதியம் ஆபீஸில் உடம்பு வசூலிக்கும். 10 மணிக்குப் படுக்க முடிந்தால் 5 தானாக வரும், முடியாவிட்டால் 6க்கு எழுவதில் ஒரு இழுக்கும் இல்லை.

போன் விஷயத்தில், பார்க்கமாட்டேன் என்பது தீர்மானமே ஆகாது. சுவீடனில் 2017 புத்தாண்டுக்குத் தீர்மானம் எடுத்த 1,066 பேரை ஒரு வருஷம் தொடர்ந்த ஆய்வில், ஒன்றைச் செய்வேன் என்று வைத்தவர்களில் 58.9 சதவீதம் பேர் வெற்றி என்றார்கள், ஒன்றை விடுவேன் என்று வைத்தவர்களில் 47.1. அதனால் தாழ்ப்பாள் போட்டதும் போனை ஹாலில் சார்ஜில் போடுவேன் என்று மாற்றுங்கள், தலைமாட்டில் புத்தகம் இருக்கட்டும். அதோடு வாசிப்பும் ஓரளவு சரியாகிவிடும், இரண்டு பக்கம் படித்துத் தூங்கிப்போனாலும் சரி. டைரியை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். ஆங்கிலத்துக்கு மாவு ஆட்டும் அரைமணி நேரம் இருக்கிறது, கிரைண்டரை ஓடவிட்டுப் பக்கத்து அறையில் காதில் ஒன்றைப் போட்டுக் கேட்டு, வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். கிரைண்டர் சத்தத்தில் யார் காதிலும் விழாது, கூச்சமும் போய்விடும். இது சித்திரைக்கு.

சேமிப்பு பழக்கமே இல்லை, அது ஒரே ஒரு நாள் வேலை. வங்கியில் ஆர்டி ஒன்று ஆரம்பித்து, சம்பளம் வரும் நாளுக்கு மறுநாள் தானாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். மாதம் 3,000 என்றால் வருஷக் கடைசியில் 36,000 அசல், வட்டி தனி. மாசா மாசம் மன உறுதியைக் கூப்பிட வேண்டிய வேலையை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? இதை ஜனவரியிலேயே செய்துவிடலாம், தை வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கேள்வியில் நீங்கள் நிறைவான வருஷம் என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள், ஆனால் பட்டியலில் ஏழுமே உங்களைச் சரிசெய்யும் வேலைகள்தான். அதில் இன்னொரு ஆள்கூட இல்லை. ஹார்வர்டில் 1938ல் தொடங்கிய ஓர் ஆய்வு இன்னும் நடக்கிறது. ஆட்களை இளம் வயதிலிருந்து கிழவயசு வரை தொடர்ந்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, நெருக்கமான உறவுகள் இருந்தவர்கள்தான் ஆரோக்கியமாகவும் மகிழ்ச்சியாகவும் முதுமைக்கு வந்தார்கள் என்பது. எங்கள் கிளினிக்கிலும், கூட ஒரு ஆள் பேச்சுத்துணைக்கு வருகிறவர்களின் நடை நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போது அக்காவுக்கோ பழைய சினேகிதிக்கோ ஒரு போன். ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளலாம், மழைக்காலத்தில் நடை தடுமாறும்போது அது கைகொடுக்கும். அல்லது நாலில் இதையே முதலாவதாக வைத்தாலும் நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

இப்போதைக்குத் தாளில் வரிசையை எழுதி, வட்டம் போடுங்கள். உங்கள் வட்டங்கள் எவை என்று இங்கே எழுதினால், லீவு நாளில் எது காணாமல் போகும், மார்ச்சில் எது தாங்கும் என்று சேர்ந்து பார்க்கலாம்.